புள்ளியும் முச்சையும்

தவறொன்றை ஒப்புக்கொள்வதற்காகவே இக்கட்டுரையை எழுத முற்பட்டேன். நான் முதலாண்டு மாணவனாக இருந்தபோது, கலைப்பீட மாணவர் நடத்திய கருத்தரங்கொன்றில் வெகுசனப் பண்பாடு குறித்துக் கட்டுரை படித்தேன். அக்கட்டுரையில் வீடியோ விளையாட்டுகளுக்கென ஒரு பந்தியை ஒதுக்கி, அவை சிந்தனையை மழுங்கச் செய்வன, பொழுதை வீணாக்குவன, இளந்தலைமுறையைச் சீரழிப்பன என்று முடிவு கூறியிருந்தேன். சபையோர் கைதட்டினர். விரிவுரையாளர் ஒருவர் கட்டுரையின் துணிவைப் பாராட்டினார். அன்றுவரை ஒரு வீடியோ விளையாட்டையேனும் நான் முழுமையாக ஆடியிருக்கிறேனா என்று எவரும் கேட்கவில்லை. ஆடியதில்லை என்பதை நானும் கூறவில்லை.

கேட்டவர் ஒருவர் இருந்தார். அவர் என் பெரியம்மாவின் மகன். கருத்தரங்கின் அழைப்பிதழை அழகுற வடிவமைத்துத் தந்தவரும் அவரே. விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது கட்டுரைப் பிரதியைப் பெருமையோடு அவரிடம் நீட்டினேன். முழுவதையும் ஆறுதலாக வாசித்தார். பின்னர், "எத்தினை கேம் விளையாடிப் பாத்தனீ?" என்று மட்டும் கேட்டார். நான் விடை கூறவில்லை. அவர் பிரதியை மடித்து என்னிடமே தந்துவிட்டு, செய்துகொண்டிருந்த திருமண அழைப்பிதழ் வேலையைத் தொடர்ந்தார். அவர் கோபித்திருந்தால் நான் வாதாடியிருப்பேன். அவர் கோபிக்கவில்லை. எனது பல்கலைக்கழகச் செலவின் பெரும்பகுதி அந்த அழைப்பிதழ்களிலிருந்தே வருகின்றது என்பது அப்பொழுதுதான் எனக்கு உறைத்தது.

அண்ணா தொழிலால் வடிவமைப்பாளர். திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழா விளம்பரம், மரண அறிவித்தல், கடைப் பெயர்ப்பலகை ஆகியவற்றை வல்வெட்டித்துறையில் எங்கள் வளவின் மூலையிலுள்ள சிறு அறையிலிருந்து வடிவமைத்து, நெல்லியடி அச்சகங்களுக்கு அனுப்பி வருகிறார். அந்த அறையின் ஒரு சுவரோரம் பழைய விளையாட்டுப் பொறிகள் அடுக்கப்பட்டிருக்கும். அவற்றுட் சில இயங்கும், சில இயங்கா. எதிர்ச்சுவரோரம் சீவிய மூங்கிற் குச்சிகளும் ஈர்க்குக் கட்டுகளும் நூற்பந்துகளும் வண்ண மென்தாள்களும் கிடக்கும். ஒரே மனிதரின் இரு வேறு பித்துகள் என்றே இவ்விரு சுவர்களையும் நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அவை ஒரே பித்து என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு இரண்டு வாடைக்காலங்கள் வேண்டியிருந்தன.

வல்வெட்டித்துறை என்றதும் கடலோடிகளையும் கப்பல்களையும் நினைவுகூர்வது வழக்கம். இங்கு கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, எம்மூர் மாலுமிகளால் செலுத்தப்பட்டு, 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த வரலாற்றை அறியாதார் எமது ஊரில் இல்லை எனலாம். அக்கைத்திறன் இன்று பெரிதும் வெளிப்படுவது பட்டங்களிலேயே. தைப்பொங்கல் நாளில் உதயசூரியன் கடற்கரையில் நிகழும் விசித்திரப் பட்டப் போட்டியைக் காணக் குடாநாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் திரள்வர். எட்டுமூலை, கொக்கு, பெட்டி, பிராந்து என்னும் பழைய வடிவங்களோடு, வானில் ஏறியபின் உறுப்புகள் அசையும் முப்பரிமாணப் பட்டங்களும் அங்கே எழும். அவற்றை ஆக்குவோரை வடிவமைப்பாளர் என்று எவரும் அழைப்பதில்லை. எனினும் அவர்கள் செய்வது அதுவே.

அண்ணாவின் இளமைக்காலத்தை ஒருவாறு கூறினாலன்றி அவரது மற்றைய ஈடுபாடு விளங்காது. 1990 இற்குப் பின்னர் பல ஆண்டுகள் குடாநாடு மின்சாரமின்றி இருந்தது. அக்காலத்துச் சிறுவர்க்குக் கிளித்தட்டும் போளையும் பட்டமும் இருந்தன. திரையில் ஆடும் விளையாட்டு என்பது கேள்விப்பட்ட செய்தி மாத்திரமே. 2002 இல் போர்நிறுத்தம் ஏற்பட்டு ஏ-9 பாதை திறக்கப்பட்டதும் கொழும்பிலிருந்து வந்த பொருட்களோடு 'ரீவி கேம்' என்று அழைக்கப்பட்ட மலிவான பொறிகளும் வந்தன. யப்பானிய நின்டென்டோ நிறுவனம் 1983 இல் வெளியிட்ட பமிகொம் பொறியின் போலிகளே அவை. அண்ணாவும் அவருடைய நண்பர் ஒருவரும் காசு சேர்த்து ஒன்றை வாங்கினர். அதனோடு வந்த சில்லுப்பெட்டியின் மேல் 9999 விளையாட்டுகள் என்று பொறித்திருந்ததாம்; உள்ளே இருந்தவை பத்துப் பன்னிரண்டு. எஞ்சியவை யாவும் அவையே, தொடங்கும் கட்டமோ நிறமோ வேகமோ சற்று மாற்றப்பட்டு, வேறு பெயரோடு நின்றன.

ஏமாற்றப்பட்டோம் என்று நண்பர் சினந்தபோது, அண்ணா ஒரு கொப்பியை எடுத்து எந்த விளையாட்டில் எது மாறியிருக்கிறது என்று அட்டவணையிடத் தொடங்கினார். எண்ணொன்றை மாற்றினால் விளையாட்டின் குணமே மாறுகின்றது என்ற உண்மையை, எந்தப் பாடநூலும் இன்றி, ஒரு போலிப் பொருளின் மோசடியிலிருந்து அவர் கற்றார். 2006 ஓகஸ்ட் மாதத்தில் பாதை மீண்டும் மூடப்பட்டது. புதிய சில்லுப்பெட்டிகள் வரவில்லை. சில மாதங்களில் நண்பரும் ஊரைவிட்டுச் சென்றார். இப்போது ரொறன்ரோவில் வாழ்கிறார். அந்தப் பொறியில் எடுத்த புள்ளிகளைச் சேமித்து வைக்க வழியில்லை. மின்சாரம் நின்றால் எல்லாம் அழிந்துவிடும். ஆகவே இருவரது உச்சப் புள்ளிகளும் அறைக்கதவின் உட்புறத்தில் நிறப்பென்சிலால் எழுதப்பட்டன. அந்தக் கதவுக்கு இன்றுவரை பூச்சுப் பூச அண்ணா இடங்கொடுத்ததில்லை.

எனக்கு முதலில் விளக்கம் கிடைத்தது ஒரு மார்கழி இரவில். காற்றும் மழையுமாக இருந்தது, மின்சாரம் இல்லை. அண்ணா என் தங்கையின் சதுரக்கோட்டுக் கொப்பியிற் பதினாறு கட்டம் உயரமும் பதினாறு கட்டம் அகலமுமான ஒரு சதுரத்தை அடையாளமிட்டு, மூன்று நிறப்பென்சில்களை என் கையிலே தந்தார்.

"ஓடுற ஆள் ஒராளைக் கீறு. முகம் தெரியவேணும். கை வீசுறதும் தெரியவேணும். ஒரு கட்டத்துக்கு ஒரு நிறம்தான்."

அரைமணி நேரம் முயன்றேன். மூக்கை வரைந்தால் வாய்க்கு இடமில்லை. வாயை வரைந்தால் முகமே இல்லை. கை உடலோடு ஒட்டி மறைந்தது. தலைமயிர் ஒரு கறையாகத் தோன்றியது. பின்னர் அவர் பென்சிலை வாங்கி வரைந்தார். வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மீசை. மயிர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தொப்பி. உடலிலிருந்து கை பிரிந்து தெரியும்படி வேறு நிறத்தில் ஒரு மேலாடை. உலகெங்கும் சிறுவர் அறிந்த மரியோ என்னும் உருவம் அது. மியமொற்றோ என்னும் யப்பானிய வடிவமைப்பாளர் 1981 இல் டொங்கி கொங் என்ற விளையாட்டுக்காக அதனை ஆக்கியபோது, மீசையும் தொப்பியும் அழகுக்காக வந்தவையல்ல. சில புள்ளிகளுக்குள் ஒரு மனிதனை அடையாளங் காட்டுவதற்கு வேறு வழியில்லாமையால் வந்தவை.

அருகிலிருந்து பாக்கு இடித்துக்கொண்டிருந்த அம்மம்மா விளக்கொளியிற் கொப்பியை உற்றுப் பார்த்தார். "உது பெட்டிக்குப் போடுற பூ மாதிரியெல்லே கிடக்கு?" என்றார். சாயமிட்ட பனையோலையாற் பெட்டியும் பாயும் இழைத்த கைகள் அவருடையவை. "ஓலையிலை வளைவு வராது மோனை. வந்த மாதிரிக் காட்டத்தான் ஏலும்" என்று கூறிவிட்டு மீண்டும் பாக்குரலிற் கவனம் செலுத்தினார். அண்ணா சிரித்தார். தாம் இருபது ஆண்டுகளாகச் சொல்ல முயன்றதை அம்மம்மா இரண்டு வாக்கியத்திற் சொல்லிவிட்டார் என்றார்.

அடுத்த நாட்களில் நான் ஆடத் தொடங்கினேன். 1985 இல் வெளிவந்த சுப்பர் மரியோ விளையாட்டு முழுவதும் 40 கிலோபைற் அளவினுள் அடங்கியது. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு சாதாரண நிழற்படம் அதனைக் காட்டிலும் பன்மடங்கு பெரியது. வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே வரைவு என்பதை அண்ணா சுட்டிக்காட்டினார். ஒன்று வெள்ளை, மற்றது பச்சை, அவ்வளவே. முதற்கட்டத்தின் தொடக்கத்தில் எந்த அறிவுறுத்தலும் எழுதப்பட்டில்லை. மரியோ இடப்புறத்தில் நிற்கிறான். வலப்புறம் வெளியாக இருக்கிறது. ஆகவே வலப்புறம் செல்கிறோம். ஒரு சிறு பிராணி எதிரே வருகிறது. தொட்டால் உயிர் போகிறது. மறுமுறை பாய்கிறோம். பாயும்போது தலைக்கு மேலுள்ள கல் முட்டுப்பட, அதனுள் ஏதோ இருக்கிறது என்று அறிகிறோம். ஒரு நிமிடத்துக்குள், ஒரு சொல்லுமின்றி, விளையாட்டின் இலக்கணம் முழுவதும் கற்பிக்கப்பட்டுவிடுகிறது. மாணவன் தானே கண்டுபிடித்ததாக எண்ணும்படி கற்பிப்பதே சிறந்த கற்பித்தல் என்று எமது விரிவுரைகளிற் கேட்டிருக்கிறோம். அது நிகழக் கண்டது எனக்கு இங்கேதான்.

இத்தகைய உதாரணங்கள் அண்ணாவிடம் ஏராளம். 1978 இல் நிஷிகாடோ என்பவர் ஆக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டில், வேற்றுலகப் படையை நாம் சுடச் சுட எஞ்சியோர் விரைந்து வருவர். பொறியின் வலு குறைவாக இருந்தமையால் பல உருவங்களை ஒருங்கே நகர்த்துவது தாமதமாயிற்று. உருவங்கள் குறைய வேகம் தானே கூடிற்று. நிஷிகாடோ அதைக் குறையென்று திருத்தாமல் விளையாட்டின் உயிராகவே வைத்துக்கொண்டார். 1984 இல் மொஸ்கோவில் பஜித்னொவ் என்னும் ஆய்வாளர் ரெற்றிஸ் விளையாட்டை ஆக்கிய கணினியோ படம் வரையவே இயலாதது. எழுத்துகளை மட்டும் காட்டவல்லது. ஆகவே விழுகின்ற கட்டைகளை அவர் அடைப்புக்குறிகளால் அமைத்தார். ஈர்க்கும் தாளும் நூலும் மட்டுமே கையில் உள்ளவன் பட்டத்தை எப்படிக் கற்பனை செய்கிறானோ, அப்படியே இவர்களும் செய்தனர்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். வறுமையே கலையின் தாய் என்று பாடிவிடுவது எளிது; எமது சூழலில் அது ஆபத்தானதுமாகும். நானும் ஒருநாள் அவ்வாறே, மின்சாரமில்லாத காலந்தான் உங்களை வடிவமைப்பாளராக்கியது போலும் என்று அண்ணாவிடம் கூறினேன். அவர் முகம் மாறியது. "விளக்கிலை படிச்சது நல்லம் எண்டு நான் ஒருநாளும் சொல்லமாட்டன். அது நாங்கள் கேட்டு வந்ததில்லை. நிஷிகாடோவுக்குப் பொறி காணாது. எங்களுக்குச் சோறே காணாது. ரண்டும் ஒண்டில்லை" என்றார். எல்லையைப் போற்றுவது வேறு. எல்லைக்குள் நின்று எதை வைப்பது, எதை விடுவது என்று தெரிவு செய்வது வேறு. பழைய விளையாட்டுகளில் அவர் விரும்புவது இந்தத் தெரிவையே, பழமையை அன்று.

ஆதலினாற்றான் புதியவற்றிலும் அவருக்கு அதே ஆர்வம் உண்டு. ரொறன்ரோ நண்பர் விடுமுறையில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்த பொறியில், நின்டென்டோ 2017 இல் வெளியிட்ட செல்டா விளையாட்டை அவர் ஓராண்டு ஆடினார். கண்ணுக்கெட்டிய மலை யாவற்றிலும் ஏறக்கூடிய, காற்றும் மழையும் தீயும் தத்தம் இயல்புப்படி தொழிற்படும் பேருலகம் அது. அத்தகைய உலகை ஆக்கியவர்கள் தங்கள் எண்ணம் சரியா என்று சோதிப்பதற்கு, 1986 இல் வந்த முதற் செல்டாவைப் போன்ற தட்டையான சிறு மாதிரியொன்றையே முதலிற் செய்து பார்த்தனர். தீயை மரத்திலிட்டால் மரம் எரிய வேண்டும். அது புள்ளி மரமாக இருந்தாலென்ன? விதி சரியாக அமைந்த பின்னரே மலையை வரைந்தனர். பழமையும் புதுமையும் பகையல்ல என்பதற்கு அண்ணா அடிக்கடி காட்டும் சான்று இது.

மற்றொன்று 2012 இல் வெளிவந்த ஜேர்னி. மணல்வெளியொன்றில் தனியே நடக்கிறோம். இடையில் இன்னொருவர் எதிர்ப்படுகிறார். அவர் உலகின் எங்கோ ஒரு மூலையிலிருந்து அதே நேரத்தில் ஆடிக்கொண்டிருக்கும் உண்மை மனிதர். பேச முடியாது, எழுத முடியாது, பெயரும் பயணம் முடியும் வரை தெரியாது. ஓர் இசையொலியை எழுப்பி, நான் இங்கே இருக்கிறேன் என்று உணர்த்த மட்டும் முடியும். அண்ணா ஆடுவதை ஓரிரவு பின்னாலிருந்து பார்த்தேன். பனிமலையில் இரு சிற்றுருவங்களும் ஒன்றையொன்று ஒட்டி ஏறிக்கொண்டிருந்தன. முன்னே சென்றவர் நின்று ஒலியெழுப்பிக் காத்திருந்தார். வெளியே, யாரோ இராக்கொடியாக ஏற்றிக் கட்டிவிட்ட பட்டத்தின் விண் இருளிற் கூவிக்கொண்டிருந்தது. "முந்தி உந்தச் சத்தத்தைக் கேட்டே ஆற்றை பட்டம் எண்டு சொல்லுவம்" என்றார் அண்ணா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். இப்போது யாருடையது என்று நான் கேட்டேன். தெரியாது என்றார். அவரோடு விண் பூட்டிய நண்பர்களிற் பெரும்பாலோர் இன்று ஊரில் இல்லை.

எனது பழைய பந்தியில் உண்மையே இல்லை என்று கூறுவதற்கில்லை. உலக சுகாதார நிறுவனம் விளையாட்டுக்கு அடிமையாதலை ஒரு நோய்நிலையாக 2019 இல் ஏற்றுக்கொண்டது. என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியைக் காசு கொடுத்துத் திறக்கச் செய்யும் விளையாட்டுகளைப் பெல்ஜியம் 2018 இற் சூதாட்டமெனக் கருதித் தடைசெய்தது. இவற்றை அண்ணா என்னிலும் கடுமையாக வெறுக்கிறார். ஆயினும் இதைப் புதுமையின் குற்றமாக அவர் கருதவில்லை. 1980 களில் நாணயமிட்டு ஆடும் பொறிகளிலும், ஆடுபவன் விரைவில் தோற்று மீண்டும் நாணயமிட வேண்டும் என்ற நோக்கோடு கடினமாக்கப்பட்ட விளையாட்டுகள் இருந்தன. ஆடுபவனை மதிக்கும் விளையாட்டு, அவனது சட்டைப்பையை நோக்கும் விளையாட்டு என்று இரண்டே வகை உண்டென்பது அவர் கொள்கை. அந்த வேறுபாட்டை அறியாமல் இரண்டையும் ஒரே பந்தியில் அடைத்தமையே என் குற்றம். நூல்களைப் படியாமல் நூலகத்தைத் தூற்றியவன் செயலை ஒத்தது அது.

சென்ற ஆண்டு மார்கழியில், பட்டமொன்றுக்கு முச்சை கட்டும்போது நூலைப் பிடித்துக்கொள்ளும் பணி எனக்குக் கிடைத்தது. முச்சை என்பது பட்டத்தின் முகத்திற் கட்டிய நூல்கள் ஒன்றுகூடும் முடிச்சு. எத்துணை அழகிய பட்டமாயினும் அந்த முடிச்சு ஒரு விரற்கடை பிசகினால் எழாது. எழுந்தாலும் சுழன்று தரையிற் குத்தும். பார்ப்போர் நிறத்தையும் உருவையும் பாராட்டுவர். முச்சையை எவரும் காண்பதில்லை. மரியோ பாய்வதிலும் ஒரு முச்சை உண்டு என்றார் அண்ணா. பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்துகிறோமோ அதற்கேற்ப உயரம் கூடுகிறது. விழும்போது எழுந்ததிலும் விரைந்து விழுகிறான். அந்த அளவுகளை எவரும் கண்ணாற் காண்பதில்லை. கை மட்டும் அறிகிறது.

அவர் இரண்டாண்டுகளாக, இரவுகளில், ஒரு சிறு விளையாட்டைத் தாமே ஆக்கி வருகிறார். எமது கடற்கரையில் ஒரு சிறுவன் பட்டமேற்றுகிறான். ஆடுபவருக்கு ஒரே ஒரு பொத்தான். நூலை விடலாம், பிடிக்கலாம், அவ்வளவே. விண்ணின் ஒலியை வளவில் நின்று பதிவுசெய்து சேர்த்திருக்கிறார். ஒவ்வொரு மாதிரியும் ரொறன்ரோவுக்குச் செல்கிறது. நண்பர் ஆடிப்பார்த்துப் பதில் அனுப்புகிறார். கடைசியாக வந்த பதில்: "விண் சரி. காத்துச் சரியில்லை. வாடை இப்பிடி ஒருசீராய் அடிக்காது." இருபது ஆண்டுகளாக வாடைக்காலத்தில் ஊரில் நில்லாத ஒருவர் எழுதிய வரி அது. அண்ணா அதனை வாசித்துவிட்டு எழுந்து வெளியே சென்று, மதிலோரத்தில் நெடுநேரம் நின்றார். திரும்பி வந்து எண்ணொன்றை மாற்றினார்.

அன்றிரவு எனது பழைய கட்டுரைப் பிரதியை எடுத்து, அந்தப் பந்தியை வெட்டிவிடப் போகிறேன் என்று அவரிடம் கூறினேன்.

"வெட்டாதை" என்றார். "பிழையும் கிடக்கட்டும். நீ விளையாடினதைப் பக்கத்திலை எழுது."

இக்கட்டுரை அப்பந்தியின் பக்கத்தில் எழுதியது.